செம்மண் கிணற்றுக் காப்பி

கல்யாணமாகி வந்த புதிதில் நான் போட்ட காப்பியை எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். நன்றாக இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணம். அப்பாவுக்கு அங்கே பாத்திரக் கடை. விடிந்ததும் எங்கள் வீட்டில் முதல் வேலை காப்பி. அம்மாவுக்கு அடுப்புப் புகை ஆகாது, இருமல் பிடித்துக்கொள்ளும். அதனால் தாவணி போட்ட நாளிலிருந்து அந்த வேலை என் கைக்கு வந்துவிட்டது. பச்சைக் கொட்டை வாங்கி இரும்புச் சட்டியில் வறுப்பேன். கை மிஷினில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைப்பேன். பித்தளை பில்டரில் போட்டு, அவசரப்படாமல் இறங்க விடுவேன். தெருவுக்குத் தெரு காப்பி கிளப் இருந்த ஊர் அது. அப்பா ஒன்றிலும் நுழைய மாட்டார். நண்பர்கள் கூப்பிட்டால், "எம்பொண்ணு போடுற காப்பியக் குடிச்ச வாய்க்கு இதெல்லாம் எறங்காதுய்யா" என்பார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கர்வம் ஏறித்தான் போயிருந்தது.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஊர் அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். சொந்த நிலம், மாடு கன்று, கிழக்கே தள்ளி ஒரு முந்திரிக் கொல்லை. மாப்பிள்ளைக்கு ஜெயங்கொண்டத்தில் தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா வேலை. காலையில் சைக்கிளில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். அப்போது பெட்ரோல் கிடைக்காது. பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் பஸ்ஸில்தான் நாங்கள் புகுந்த வீட்டுக்கு வந்தோம். மேடு வந்த இடத்தில் மாப்பிள்ளை உட்பட ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். பஸ்ஸுக்குள் என் மடியில் சீர்ப் பாத்திரங்களில் ஒன்றாக அப்பா கொடுத்த எங்கள் வீட்டுப் பித்தளை பில்டர் இருந்தது. அதை மற்றப் பாத்திரங்களோடும் கை மிஷினோடும் மூட்டையில் போட எனக்கு மனம் வரவில்லை.

மாமனார் வீட்டில் அதுவரை காலையில் நீராகாரமும் மோரும்தான். காப்பி என்பது ஜுரம் வந்தால் குடிப்பது. பொட்டலத் தூளைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, துணியில் வடிகட்டி, வெல்லத்தைப் போட்டுக் கொடுப்பார்கள். நான் வந்த மறுநாள் பில்டரில் இறக்கி, அத்தை கறந்து வைத்திருந்த பாலைக் காய்ச்சிக் கலந்து கொடுத்தேன். மாமா ஊதி ஊதிக் குடித்தார். மருமகளோடு நேராகப் பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது. எது சொன்னாலும் அத்தை வழியாகத்தான் வரும்.

"நல்லாருக்குன்னு சொல்லு" என்றார் அத்தையிடம்.

"நல்லாருக்காம்" என்றார் அத்தை என்னிடம்.

நான் அடுப்படியில் எனக்கென்று ஊற்றி வைத்திருந்ததை வாயில் வைத்துப் பார்த்தேன். திக்கென்றது. நிறம் சரியாக இருந்தது. வாசனையும் வந்தது. ருசிதான் இல்லை. கசப்பும் மெல்லிய புளிப்புமாக நாக்கில் ஒரு சுரீர் வரவேண்டும். அது வரவில்லை. எல்லாம் மழுங்கி, வெந்நீரில் மண்ணைக் கரைத்த மாதிரி ஒரு கனம்தான் தொண்டையில் நின்றது.

கொட்டை கும்பகோணத்திலிருந்து எடுத்துவந்தது, நானே வறுத்தது. பில்டர் அதே பில்டர். கையும் அதே கை. பால் எங்கள் வீட்டுப் பாலைவிடப் பல மடங்கு உசத்தி. அத்தை யாரையும் மாட்டின் பக்கம் விடமாட்டார். தானே கறப்பார். அந்தப் பாலை ஊற்றினால் டம்ளர் ஓரத்தில் ஆடை ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படியிருந்தும் காப்பி விளங்கவில்லை.

மறுநாள் கொஞ்சம் கூடப் பொடி போட்டேன். அடுத்த தடவை கருக்க வறுத்தேன், அப்புறம் இளம் வறுவலாக இறக்கினேன். நைசாக அரைத்தேன், ரவை மாதிரி அரைத்தேன். எதற்கும் மசியவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் குடித்துவிட்டு, "கும்மோணத்துக் காப்பின்னா சும்மாவா!" என்று சொல்லிப் போனார்கள். அப்படிச் சொன்னவர்களை எல்லாம் எனக்குப் பிடிக்காமல் போனது. என் பேரில் யாரோ வேறொருத்தி காப்பி போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

ஆடிச் சீரோடு அப்பா வந்தார். கொட்டையை முதல் நாளே புதிதாக வறுத்து வைத்திருந்தேன். டவராவில் ஆற்றி, நுரை அடங்குமுன் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அப்புறம் சம்பந்தியோடு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மாமா எழுந்து வெளியே போனதும் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பொடி பழசாம்மா?"

"இல்லப்பா. நேத்து வறுத்தது."

"பாலு?"

"இப்பக் கறந்தது."

"ம்" என்றார். அவர் கிளம்பிப் போனபின் பார்த்தேன். டம்ளரில் பாதி அப்படியே இருந்தது. அப்பா நான் கொடுத்த காப்பியை மிச்சம் வைத்தது அதுதான் முதல் தடவை. ஆறிப்போன அந்த மிச்சத்தை அடுப்படியில் நின்று நானே குடித்து முடித்தேன். அழுகை வரவில்லை, ரோஷம்தான் வந்தது. இதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

விடை அடுப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. வெந்நீர் போடும் பாத்திரத்தை ஒருநாள் தேய்க்க எடுத்தபோது உள்ளே கை விட்டுப் பார்த்தேன். சுவர் முழுக்க வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. புளியைக் கரைத்து ஊற்றினேன். பொருபொருவென்று நுரைத்துக்கொண்டு கரைந்தது. சுண்ணாம்பு.

அந்தப் பக்கம் பூமியே அப்படி. உழும்போது கலப்பை நுனியில் கிளிஞ்சல் பதிந்த கல் வரும், அதைத் தூக்கி வரப்பில் எறிந்துவிட்டு மேலே உழுவார்கள். கிணறு வெட்டினால் கொஞ்ச ஆழத்தில் வெள்ளைப் பாறை. அந்தப் பாறையில் ஊறிய தண்ணீரில்தான் நான் இத்தனை நாளும் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். துவரம்பருப்பு வேக அந்த வீட்டில் ஏன் அவ்வளவு விறகு ஆகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கும்பகோணத்தில் எனக்குத் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டியே இருந்ததில்லை. காவிரி அதைக் கவனித்துக்கொண்டது.

முதலில் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் வெள்ளை படிந்தபின் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, மறுபடி கொதிக்கவைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தேறியது. ஆனாலும் அரைக்கிணறு தாண்டின மாதிரிதான். பிறகு ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கூரையில் விழுந்து வருவதைப் பிடிக்காமல், முற்றத்தின் நடுவில் பித்தளை அண்டாவை வைத்து வானத்திலிருந்து நேராக விழுகிற தண்ணீரைப் பிடித்தேன். வெள்ளைத்துணியில் வடிகட்டிக் காப்பிக்குக் கொதிக்கவைத்தேன்.

பில்டரில் ஊற்றும்போதே தெரிந்துவிட்டது. பொடி பொங்கி எழும்பிய விதமே வேறாக இருந்தது. வாசனை அடுப்படியைத் தாண்டிக் கூடத்துக்குப் போயிற்று. ஒரு வாய் குடித்தேன். நாக்கில் அந்தச் சுரீர். எனக்குக் கும்பகோணத்து வீடே திரும்பி வந்தது போல இருந்தது. என் கையில் குற்றமில்லை, கொட்டையிலும் குற்றமில்லை. தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அன்று குடித்துவிட்டுக் கூடத்திலிருந்து உரக்கக் கேட்டார். "இன்னிக்கு என்னா பண்ணுன? அமிர்தமா இருக்கு!"

சந்தோஷத்தில் நானும் உரக்கவே சொல்லிவிட்டேன். "மழைத் தண்ணிங்க! நம்ம கெணத்துத் தண்ணி காப்பிக்கு ஆகாதுங்க. அதான் இத்தினி நாளும் சரியா வரல."

மாமா அப்போது பக்கத்து அறையில் இருந்தார். அது எனக்குத் தெரியாது.

அந்தக் கிணறு சாதாரணக் கிணறு அல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். மாமா வாலிபமாக இருந்தபோது ஒரு கடும் வறட்சி. ஊர்க் கிணறுகள் எல்லாம் வறண்டுபோயின. மாமா பாறைக்கு வெடி வைத்து, தானும் கூட இறங்கி, கல்லைச் சுமந்து, அந்தக் கிணற்றை வெட்டினார். யாரும் எதிர்பாராத ஆழத்தில் ஊற்றுக் கண் திறந்தது. அந்தக் கோடை முழுக்கத் தெருவே வந்து அங்கே தண்ணீர் இறைத்தது. அப்புறம் எந்தக் கோடையிலும் அது வற்றவில்லை. அவர் வாழ்க்கையில் செய்த காரியங்களில் எதைப் பற்றிப் பேசாவிட்டாலும் இதைப் பற்றிப் பேசுவார். நேற்று வந்த மருமகள் அந்தத் தண்ணீர் ஆகாது என்று கூடம் அதிரச் சொன்னால் எப்படி இருக்கும்?

வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

"ஊரே குடிச்சு உசிரு பொழச்ச தண்ணி. அது ஆகாதுன்னா இந்த வூட்டுக்குக் காப்பியே வேணாம். எடுத்து மேல வைக்கச் சொல்லு."

என் வீட்டுக்காரர், "அப்பா, அவ காப்பிக்குத்தான் சொன்னா..." என்று இழுத்தார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

பில்டரும் மிஷினும் பரணுக்குப் போயின. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. மரியாதைக் குறைவாக நான் எதுவும் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னேன். சொன்ன இடம் தப்பாகப் போயிற்று, அவ்வளவுதான்.

மாமா பழையபடி நீராகாரத்துக்குத் திரும்பினார். ஆனால் மாதக்கணக்காகக் காலையும் மாலையும் காப்பி குடித்துப் பழகிய உடம்பு சும்மா இருக்குமா? சாயங்காலமானால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். மாட்டுக்காரரிடம் எரிந்து விழுவார். கொஞ்ச நாள் கழித்து அவருக்கு அரியலூரில் வேலைகள் அதிகமாயின. இன்று புண்ணாக்கு வாங்கவேண்டும், நாளை கடப்பாரை அடிக்கக் கொடுக்கவேண்டும் என்று வண்டியைப் பூட்டச் சொல்வார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

வண்டி ஓட்டுகிறவர் ஒருநாள் வைக்கோல் பிடுங்கிக்கொண்டே அத்தையிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். "டேசனுக்கு எதுத்தாப்ல கெளப்புக் கடையில பெரியவருக்கு எப்பவும் டபுள் ஸ்ட்ராங்குங்க. நாம போனாலே அவன் போட ஆரம்பிச்சிடுறான்."

அத்தை வீட்டுக்குள் வந்த வேகத்தை நான் மறக்கவில்லை. மருமகளுக்காக வந்த கோபம் அல்ல அது.

"எம்மாட்டுப் பால வுட்டுப்புட்டு எவனோ தண்ணி ஊத்துன பால்ல காப்பி குடிச்சிட்டு வராரு, பாத்தியா!" என்றார். அவர் கண்ணே சிவந்துவிட்டது. தன் பாலுக்கு அவமானம் வந்துவிட்டது என்று அவர் கொதித்துப் போனார். ஆனால் மாமாவிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தக்க சமயத்துக்காக அதை மனசுக்குள் வைத்துக்கொண்டார்.

பங்குனியில் முந்திரி பறிப்பு ஆரம்பித்தது. அத்தையோடு நானும் கொல்லைக்குப் போனேன். ஊரிலிருந்து கிழக்கே போகப் போகக் கரிசல் முடிந்து மண் சிவந்துகொண்டே வரும். கொல்லை முழுக்கச் செக்கச்செவேல் என்றிருக்கும். மரத்தடியில் பழம் விழுந்து கிடந்த வாசனை மூக்கைத் துளைத்தது. பழத்தைத் திருகிக் கொட்டையைப் பிரித்ததில் கையெல்லாம் பிசுபிசுத்தது. கழுவுவதற்கு ஓரத்தில் இருந்த கிணற்றுக்குப் போனேன். கிணறு என்று சொல்வது மரியாதைக்குத்தான். மரக்கன்று வைத்த காலத்தில் தண்ணீர் ஊற்றுவதற்காகத் தோண்டிய பெரிய குழி அது. கட்டுச் சுவர் கிடையாது. இறங்கிப் போய் மொள்ள மண்ணிலேயே படி வெட்டியிருந்தது.

கை கழுவினேன். ஒரு வாய் குடித்தேன். லேசாக இருந்தது. தொண்டையில் எதுவும் தங்காமல் இறங்கியது. பக்கத்தில் காவல் குடிசை. அதில் வெந்நீர் போடுவதற்கு எப்போதோ எங்கள் வீட்டிலிருந்து அனுப்பிய ஒரு பித்தளைச் சட்டி. வெளிப்பக்கம் கரி ஏறி, தேய்த்துப் பல மாதம் ஆகியிருக்கும். ஒரு சந்தேகம் வந்து அதை எடுத்து உள்ளே விரலை ஓட்டினேன். வழவழவென்று இருந்தது. ஒரு துளி வெள்ளைப் பொருக்கு இல்லை.

சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அத்தை வந்து, "என்னாம்மா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார்.

"அத்தை, இதுல கை வுட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் தடவிப் பார்த்தார். தினம் வெந்நீர்ப் பாத்திரத்தோடு மல்லுக்கட்டுகிற கை அது, நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. குழியையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிட்டு ஒரு குடத்தைக் கழுவி நிறைத்து, துணியால் வாயைக் கட்டி வண்டியில் வைக்கச் சொன்னார். வீட்டுக்கு வரும்வரை குடம் சாயாமல் அவரே பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் மாமா அரியலூருக்கு வண்டியைப் பூட்டச் சொன்னார். அத்தை வாசலில் வந்து நின்றார்.

"எங்க, கெளப்புக் கடைக்கா?"

மாமா வண்டிப் பக்கம் பார்த்தார்.

"ஒரு நாழி உக்காருங்க. எம்பால்ல குத்தமா, இவ கையில குத்தமா, ஒங்க கெணத்துல குத்தமா, இன்னிக்குத் தெரிஞ்சிடட்டும்" என்றார். பின்னால் திரும்பி என்னிடம், "ஏம்மா, பரண்ல இருக்கறத எறக்கு. ரெண்டு தண்ணியிலயும் போடு. கலக்கறது நான்" என்றார்.

மிச்சமிருந்த பச்சைக் கொட்டையை வறுத்து அரைத்தேன். இருந்தது ஒரே பில்டர். முதலில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் இறக்கி, அந்த டிகாக்‌ஷனைச் சின்னத் தூக்கில் மூடி வெந்நீருக்குள் வைத்தேன். பில்டரைக் கழுவித் துடைத்து, அதே பொடியை அதே அளவு போட்டுக் கொல்லைத் தண்ணீரில் இறக்கினேன். ஓரவஞ்சனை செய்தேன் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். மாமாவின் கிணற்றுக்கு நல்லபடி வாய்ப்புக் கொடுத்துத்தான் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அத்தை ஒரே பாலைக் காய்ச்சி, ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் கலந்தார். சர்க்கரை ரேஷனில்தான் வரும். விசேஷத்துக்கென்று வைத்திருந்ததில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டார். எது எந்தத் தண்ணீர் என்று அவருக்கு மட்டும் தெரியும். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு நேரமாகியும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

மாமா வேண்டாவெறுப்பாக முதல் டம்ளரை எடுத்தார். இரண்டு வாய் குடித்தார். கீழே வைத்தார். இரண்டாவதை எடுத்தார். ஒரு வாய் குடித்தவர் டம்ளரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். மறுபடி முதலாவதைத் தொட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டாவதை எடுத்து அடி வரை குடித்து முடித்தார்.

"இது" என்றார்.

"அது கொல்லக் குழித் தண்ணி" என்றார் அத்தை.

மாமா வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் ஜெயித்தவரைப் பாராட்டுகிற மனிதர் அல்ல, தோற்றதை மறைக்கிற மனிதரும் அல்ல. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா" என்றார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல். நான் கதவை விட்டு வெளியே வந்தேன்.

"எங்கெணத்துத் தண்ணி சோத்துக்கு ஆகுமா, ஆகாதா?"

"சோத்துக்கும் ஆகும், உசுருக்கும் ஆகும் மாமா. காப்பிக்கு மட்டுந்தான் ஆகாது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்பச் சரி" என்றார். "இன்னொரு டம்ளர் இருந்தாக் குடு. அந்தத் தண்ணியில."

வண்டி அன்று அரியலூருக்குப் போகவில்லை.

அதோடு விஷயம் முடியவில்லை. நல்லதைக் கண்டுவிட்டால் அதைப் பாதியில் விடுகிற குணம் மாமாவுக்குக் கிடையாது. அந்தக் கோடையிலேயே ஆள் விட்டுக் குழியைத் தூர்வாரி ஆழப்படுத்தினார். உள்ளே செங்கல் சுவர் எழுப்பினார். மேலே ராட்டினம் வைத்தார். வேலை முடிகிற சமயத்தில், இனிமேல் இது வீட்டுக் கிணறு, கொல்லையில் வேலை செய்கிற கூலிக்காரர்கள் இதில் மொள்ளக் கூடாது என்று பங்காளிகள் சிலர் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அது குழியாக இருந்த காலத்தில் அவர்கள்தான் அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வந்தது பிற்பாடு. மாமா காப்பி குடிக்கிற நேரம் பார்த்து நேராக அவரிடமே சொன்னேன்.

"மாமா, நாம சுவர் கட்டுனதுக்காக அவங்க தாகத்தோட நிக்கிறதா? அப்படி வர்ற தண்ணியில என்னால காப்பி போட முடியாது."

மாமா டம்ளரைப் பார்த்தபடி யோசித்தார். அவர்களுக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம், இரண்டு ராட்டினம், இரண்டு வாளி என்று ஏற்பாடு செய்தார். முழு நியாயம் அல்ல அது. ஒரே கிணற்றுக்கு எதற்கு இரண்டு பக்கம் என்று இன்றைக்குக் கேட்கலாம், அன்றைக்கே எனக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் ஒருவரும் தாகத்தோடு திரும்பவில்லை. அந்த அளவுக்காவது என் வாய் திறந்ததில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

என் வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வரும் வழியில் கொல்லைக்கு வண்டியைத் திருப்பி, சைக்கிள் கேரியரில் ஒரு தூக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு வருவார். குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறவர் பெண்டாட்டிக்குத் தண்ணீர் சுமக்கிறார் என்று கேலி பேசினார்கள். கேலி பேசியவர்களை அவர் வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு டம்ளர் கொடுக்கச் சொல்வார். அதற்கப்புறம் அவர்கள் பேசுவதில்லை, அடுத்த வாரம் மறுபடி வருவார்கள்.

அப்பா அடுத்த தடவை வந்தபோது நான் எதுவும் சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்து பார்த்தார். முழுவதையும் குடித்தார். "எப்படிம்மா?" என்றார். நான் பதில் சொல்வதற்கு முன்பே மாமா ஆரம்பித்துவிட்டார். பாறைக்கு வெடி வைத்ததிலிருந்து தொடங்கி, வறட்சியில் ஊரே தண்ணீர் இறைத்த கதையைச் சொல்லி, "அது குடிக்கிற தண்ணி. காப்பிக்குன்னு தனியா இன்னொரு கெணறு வச்சிருக்கோம். மருமவ கண்டுபிடிச்சது" என்று முடித்தார். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் போகிற சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் இறங்கிக் காப்பி குடிக்காமல் போகமாட்டார்கள் என்ற நிலை வந்தது. வந்தவர்களுக்கு எல்லாம் மாமா இதே கதையை இதே வரிசையில் சொல்லுவார். "மருமவ கண்டுபிடிச்சது" என்கிற இடம் வரும்போது நான் அடுப்படியில் கரண்டிச் சத்தம் கூட வராமல் நின்று கேட்பேன்.

அந்த நாட்களில் நான் காப்பி போட்ட முறையைக் கேட்கிறவர்களுக்கு இப்போதும் ஒளிக்காமல் சொல்கிறேன். கொட்டை வெடித்து எண்ணெய் கசிவதற்குச் சற்று முன்னால் சட்டியை இறக்கி முறத்தில் பரப்பிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் சூட்டில் கருகிவிடும். அரைத்த பொடியை பில்டரில் போட்டு அமுக்கக் கூடாது, தட்டைச் சும்மா மேலே வைத்தால் போதும். கொதி வந்த தண்ணீரை இறக்கி, சத்தம் அடங்கியதும் ஊற்ற வேண்டும். இறங்கவில்லையே என்று பில்டரைத் தட்டக் கூடாது. பால் ஒரு கொதிதான். இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டுத் தண்ணீரைக் கவனிக்காமல் விட்டால் அத்தனையும் வீண்.

சுதந்திரம் வந்த பிறகு என் வீட்டுக்காரருக்குப் பெரம்பலூருக்கு மாற்றல் வந்தது. முன்னால் போய் இரண்டு வீடுகள் பார்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட வந்தார். ஒன்று கடைவீதிக்குப் பக்கம், புதிதாகக் கட்டியது, காற்றோட்டமாக இருக்கும். இன்னொன்று ஊர்க் கோடியில் பழைய ஓட்டு வீடு. "மொதல் வூட்டுக்கு முன்பணம் குடுத்துடலாமா?" என்றார். "நான் வந்து பாத்துட்டுச் சொல்றேங்க" என்றேன்.

பெரம்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் பையில் ஒரு சின்னப் பாத்திரமும் கொஞ்சம் காப்பிப் பொடியும் பில்டரும் இருந்தன. புது வீட்டின் சொந்தக்காரர் அறை அறையாகக் காட்டினார். நான் நேரே கொல்லைப்புறம் போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, அவர் வீட்டு அம்மாவிடம் கேட்டு அவர்கள் அடுப்பிலேயே கொதிக்கவைத்தேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தண்ணீர் வற்றியதும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஓர் ஏடு படிந்தது. ஓட்டு வீட்டிலும் அதே வேலையைச் செய்தேன். அங்கே அடி சுத்தமாக இருந்தது. அப்புறம் அந்தத் தண்ணீரிலேயே காப்பி போட்டு, வீட்டைக் காட்ட வந்த பெரியவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன்.

குடித்துவிட்டு அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். "இந்தக் கெணத்துத் தண்ணியா இது? எத்தினி வருசமா இருக்கேன், எனக்கே தெரியாதே" என்றார்.

"இந்த வீட்டையே எடுத்துக்குவோங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

மழை பெய்தால் அந்த வீட்டில் கூடத்தில் ஒழுகும். பாத்திரம் வைத்துச் சமாளித்தோம், பிறகு ஓடு மாற்றினோம். அதைப் பற்றி நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. குடிபோன கொஞ்ச காலத்துக்குள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, எங்கள் கிணற்றிலும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டில் புதிதாகக் கிணறு வெட்டியபோது, தண்ணீர் கண்ட அன்று முதல் சொம்பை அந்த வீட்டு அம்மாள் எடுத்துக்கொண்டு நேரே என் அடுப்படிக்கு வந்தார்.

"நீங்க சொன்னாத்தான் எங்களுக்கு நம்பிக்கைங்க" என்றார்.

பூஜைக்குக் கொண்டுபோக வேண்டிய சொம்பு அது. நான் இரண்டு கையாலும் வாங்கி அடுப்பில் வைத்தேன். அவர் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கொதித்து அடங்கும்வரை இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். நல்ல தண்ணீர்தான். போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு போனார்.